கிறீச்சிடும் கார் கதவு: எந்த இடத்துக்கு எந்த எண்ணெய்?

கைப்பிடியைத் தூக்கினால் ஒரு கிறீச். கதவைத் திறந்தால் இன்னொரு கிறீச், கொஞ்சம் நீளமாக. சாவியைப் போட்டால் பாதி தூரம் போய் நின்றுகொள்ளும். வீட்டில் 10, 15 வருஷப் பழைய கார் இருப்பவர்களுக்கு இந்த மூன்றும் நல்லாவே தெரிந்திருக்கும். வைத்தியமும் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாட்டி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார். பக்கத்து வீட்டு அண்ணன் நீலமும் மஞ்சளுமாக ஒரு ஸ்ப்ரே டப்பாவை நீட்டுவார். தெருமுனை மெக்கானிக், "அதெல்லாம் வேணாம் தம்பி, ஒரு விரல் க்ரீஸ் வெச்சா போதும்" என்பார்.

மூணு பேர் சொல்றதிலும் விஷயம் இருக்கு. ஆனா மூணும் ஒரே இடத்துக்குப் பொருந்தாது. ஒரு கார் கதவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. இரும்பு இரும்போடு உரசும் இடம் இருக்கு, பிளாஸ்டிக் இரும்போடு உரசும் இடம் இருக்கு, ரப்பர் பெயின்ட்டோடு ஒட்டி ஒட்டிப் பிரியும் இடம் இருக்கு, பித்தளைத் தகடு துத்தநாக வார்ப்புக்குள் வழுக்கும் இடமும் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே டப்பா என்றால் ஏதாவது ஒரு இடத்தில் கெடுதல்தான் நடக்கும்.

"சத்தம்தானே, வந்துட்டுப் போகட்டும்" என்று விடலாமா? கைப்பிடியில் என்றால் விடலாம். லாட்ச் விஷயத்தில் விடக் கூடாது. கதவைத் திறந்து அதன் விளிம்பில் பாருங்க: வாய் பிளந்த நகம் மாதிரி ஒரு இரும்புத் துண்டு தெரியும். கதவை மூடும்போது தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் கம்பி இந்த நகத்தைத் தள்ளிச் சுழற்றும். சுழன்ற நகம் திரும்பி வராதபடி, உள்ளே ஒரு சின்னத் தடுப்புத் துண்டு ஸ்பிரிங்கின் விசையால் வந்து அதன் பல்லில் விழும். பல் ரெண்டு. முதல் பல்லில் விழுந்தால் கதவு பாதி பூட்டு. ரெண்டாவதில் விழுந்தால்தான் முழுப் பூட்டு. பல வருஷப் பழைய க்ரீஸும் தெருப் புழுதியும் சேர்ந்து பிசின் மாதிரி இறுகிப்போனால், அந்தத் தடுப்புத் துண்டு சோம்பேறித்தனமாக வரும், சில சமயம் வரவே வராது. வெளியிலிருந்து பார்த்தால் கதவு மூடின மாதிரியே இருக்கும். பின் சீட்டில் ஒரு குழந்தை கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, கார் ஒரு வளைவில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. மேலே சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் எண்ணெய்த் தேர்வை "ஏதோ ஒண்ணு" என்று விடாமல், பொறியியல் படிக்கிறவங்க கொஞ்சம் முறையாகப் பார்க்கலாம் என்று இந்தக் கட்டுரை.

சத்தம் எங்கிருந்து வருது?

வயலின் வாசிக்கிறவங்க வில்லுக்கு ரோசின் தேய்ப்பதைப் பார்த்திருப்பீங்க. எதுக்கு? ரோசின் இருந்தால்தான் வில்லின் மயிர் கம்பியைப் பிடித்து இழுக்கும். இழுவிசை ஒரு எல்லையைத் தாண்டியதும் கம்பி வழுக்கி விடுபடும். உடனே மறுபடி பிடிக்கும், மறுபடி வழுக்கும். இது நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கும்போது நமக்கு ஸ்வரம் கேட்கிறது. கார் கதவின் கிறீச்சும் அதே பௌதிகம்தான். வித்வான் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓய்வுநிலை உராய்வு, இயக்க உராய்வைவிட அதிகம் என்று பதினொன்றாம் வகுப்பில் படித்ததை இங்கே கொண்டு வாங்க. ஒட்டியிருக்கும் ரெண்டு பரப்புகளை நகர்த்த அதிக விசை வேணும். நகர ஆரம்பித்ததும் தேவைப்படும் விசை சட்டென்று குறையும். கைப்பிடியும் அதைத் தாங்கும் தகடும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் பொருள்கள், அதாவது ஒரு ஸ்பிரிங் மாதிரி. ஆக ஒட்டு, விசை சேரல், வழுக்கல், மறுபடி ஒட்டு. இந்தச் சுழற்சியின் அதிர்வை விரிந்த கதவுத் தகடு ஒரு ஸ்பீக்கர் மாதிரி பெரிதாக்கி வெளியே விடுகிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். சத்தத்தை நிறுத்த உராய்வைப் பூஜ்யமாக்க வேண்டியதில்லை. ரெண்டு உராய்வுகளுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் குறைத்தாலே போதும். இன்னொரு வழியும் உண்டு: அந்த "ஸ்பிரிங்"கை விறைப்பாக்குவது. கைப்பிடியின் உள்பக்க நட்டு தளர்ந்திருந்தாலும் கிறீச் வரும். ஸ்பேனரால் ஒரு திருகு திருகினால் போய்விடும். அதனால் எண்ணெய் டப்பாவை எடுப்பதற்கு முன்னால் ஸ்க்ரூ, நட்டு எல்லாம் இறுக்கமாக இருக்கா என்று பாருங்க. இது எந்த வீடியோவிலும் முதலில் சொல்லப்படாத விஷயம்.

எஞ்சினுக்கு நல்லது, கதவுக்கு ஏன் இல்லை?

"எஞ்சினையே காப்பாத்துற ஆயில், ஒரு கீலைக் காப்பாத்தாதா?" நியாயமான கேள்வி. பதிலைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

கதவுக் கீலின் ஊசி சுமார் 10 மில்லிமீட்டர் விட்டம் என்று எடுத்துக்கொள்வோம். கதவை 60 டிகிரி திறக்க ஒன்றரை நொடி. ஆரம் 5 மி.மீ., கோணம் 1.05 ரேடியன், பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் தூரம் 5.2 மி.மீ. வேகம் நொடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். இப்போ எஞ்சினுக்கு வாங்க. கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங் பகுதி 50 மி.மீ. விட்டம், நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் பரப்பின் வேகம் நொடிக்கு கிட்டத்தட்ட 7.9 மீட்டர். 2000 மடங்குக்கும் மேல்!

சுமை? 20 கிலோ கதவு, அதன் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளி, ரெண்டு கீல்களுக்கும் இடைவெளி 40 செ.மீ. என்று வைத்தால், திருப்புத்திறன் சமன்பாட்டில் ஒவ்வொரு கீலிலும் கிடைமட்டமாக மட்டும் சுமார் 245 நியூட்டன் வருகிறது. மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ்க் கீலை உள்ளே தள்ளும். கதவு எடை வேற தனி.

வேகம் மிகக் குறைவு, சுமை அதிகம். ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902-இல் வெளியிட்ட ஆய்வுகளை ஒட்டி வந்த வளைகோட்டை மெஷின் டிசைனில் பார்த்திருப்பீங்க: கிடை அச்சில் பாகுநிலை பெருக்கல் வேகம் வகுத்தல் அழுத்தம், செங்குத்து அச்சில் உராய்வுக் குணகம். கிராங்க் ஷாஃப்ட் அந்த வரைபடத்தின் வலது பக்கம். சுழலும் வேகமே எண்ணெயை உள்ளே இழுத்து ஒரு படலமாக்கி, உலோகத்தை உலோகத்திடமிருந்து தூக்கிப் பிடிக்கும். கதவுக் கீல் இடது ஓரம். அங்கே படலம் உருவாக வேகமே கிடையாது. உலோக மேடுகள் நேரடியாகத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த இடத்தில் கைகொடுப்பது எண்ணெயின் தடிமன் இல்லை. பரப்பில் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளும், நடுவில் வழுக்கிக் கொடுக்கும் திடப் பொருள்களும்தான். அதுவும் மாசக்கணக்கில் அங்கேயே இருக்கணும். எஞ்சினில் பம்ப் இருக்கு, திரும்பத் திரும்ப ஆயில் வரும். கதவுக்கு யார் பம்ப் பண்ணுவா? புது எஞ்சின் ஆயிலைக் கீலில் விட்டால் கொஞ்ச நாள் நல்லாத்தான் இருக்கும், அப்புறம் வழிந்து கதவோரப் பெயின்ட்டில் கறுப்புக் கோடாக நிற்கும்.

பழைய எஞ்சின் ஆயில் விடுவது அதைவிட மோசம். கரியும் தேய்ந்த உலோகத் துகளும் அமிலமும் அதில் உண்டு. தோலுக்கும் அது நல்லதில்லை. வேண்டாம்.

பாட்டியின் தேங்காய் எண்ணெய்

கிண்டல் பண்ணுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். தாவர எண்ணெய்களில் கொஞ்சம் கொழுப்பு அமிலம் தனியாக இருக்கும். அந்த மூலக்கூறின் ஒரு முனை முனைவுத்தன்மை கொண்டது, உலோகத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். நீளமான வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். புல்வெளி மாதிரி. மேலே சொன்ன இடது ஓரத்துக்குத் தேவையானது இதுதான். அதனால் தேங்காய் எண்ணெய் விட்டதும் சத்தம் நிற்பது கற்பனை இல்லை, நிஜம்.

சிக்கல் பிறகு வருகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் தாவர எண்ணெயை மெல்ல மெல்லக் கெட்டியாக்கும். இரட்டைப் பிணைப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகப் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு குறைவு, அதனால் நல்லெண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும்விட மெதுவாகத்தான் கெடும். ஆனால் சுமார் 24 டிகிரியில் உறைந்துபோகும். சென்னையில் பிரச்சினை இல்லை. டிசம்பரில் ஊட்டிக்குப் போனால் பூட்டுக்குள் வெண்ணெய் வைத்த மாதிரிதான். நல்லெண்ணெய் விட்ட பழைய பூட்டுகளில் பழுப்பாக ஒரு கோந்து படிந்திருப்பதை நம்ம ஊர் வீடுகளில் பார்க்கலாம். வாசல் கேட்டுக்கு அவசரத்துக்கு விடலாம், தப்பில்லை. காரின் லாட்சுக்குள் விடாதீங்க.

நீல மஞ்சள் டப்பா

டபிள்யூடி-40. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் என்ற சின்ன நிறுவனம் உருவாக்கியது. பெயரிலேயே விளக்கம் இருக்கு: தண்ணீரை விலக்கும் கலவை, 40-ஆவது முயற்சி. அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய உலோகத் தோல் துருப்பிடிக்காமல் இருக்கத்தான் முதலில் பயன்பட்டது. பிறப்பிலேயே அது துருத் தடுப்பு. மசகு வேலை அப்புறம் வந்து சேர்ந்த பெயர்.

டப்பாவில் பெரும்பகுதி ஆவியாகும் பெட்ரோலியக் கரைப்பான். பாகுநிலை குறைவு என்பதால் மயிரிழை இடுக்கிலும் நுண்புழை ஏற்றத்தால் ஓடி நுழையும். நுழைந்து என்ன செய்யும்? துருவையும் பழைய க்ரீஸையும் இளக்கும், ஈரத்தைத் தள்ளும். கரைப்பான் பறந்தபின் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும். அதனால் அடித்தவுடன் கதவு அருமையாகத் திறக்கும். ஆனால் உள்ளே இருந்த நல்ல க்ரீஸையும் சேர்த்துக் கழுவி வெளியேற்றியிருக்கும். சில வாரங்களில் சத்தம் திரும்பி வரும், முன்னைவிடச் சத்தமாகவே வரலாம். இதை வைத்து "டபிள்யூடி-40 மோசம்" என்று சொல்வது அநியாயம். துடைப்பத்தால் சுவருக்கு வெள்ளையடிக்க முடியலை என்று துடைப்பத்தைத் திட்டுகிற மாதிரி. கழுவ அதைப் பயன்படுத்துங்க. கழுவின இடத்தில் நிரந்தரமாக இருக்க வேறொன்றைப் போடுங்க. ஒன்று: அதே கம்பெனி பெயரில் சிலிக்கோன் ஸ்ப்ரே, வெள்ளை லித்தியம் க்ரீஸ் ஸ்ப்ரே எல்லாம் தனித்தனியாக வருது. டப்பாவின் நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படித்து வாங்குங்க.

இந்த டப்பாவுக்கு நம்ம ஊரில் நிஜமான ஒரு வேலை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை கார்கள் ஜன்னல் மட்டம் வரை தண்ணீரில் நின்றன என்று பார்த்தோம். வெள்ளம் வடிந்த கதவின் லாட்சுக்குள் வண்டலும் சாக்கடை நீரும் தங்கும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, பிறகு தண்ணீரை விலக்கும் ஸ்ப்ரே அடித்து, காய்ந்தபின் க்ரீஸ் வைத்தால் லாட்ச் பிழைக்க வாய்ப்பு உண்டு. அப்படியே கதவின் அடிவிளிம்பில் இருக்கும் வடிகால் ஓட்டைகளையும் ஒரு குச்சியால் குத்தி விடுங்க. அது அடைத்தால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கிக் கீழிருந்து துரு ஏறும்.

கீலுக்கும் லாட்சுக்கும் க்ரீஸ்

க்ரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் இல்லை. ஒரு ஸ்பாஞ்சை நினைச்சுக்கோங்க. ஸ்பாஞ்சு என்பது உலோக சோப்பின் நார்கள். அதில் ஊறியிருப்பது எண்ணெய். எடையில் பெரும்பகுதி எண்ணெய்தான். அழுத்தம் வரும்போது கொஞ்சம் கசியும், அழுத்தம் போனதும் அங்கேயே நிற்கும். பம்ப் இல்லாத இடத்துக்குச் சரியான ஏற்பாடு. லித்தியம் சோப்பு க்ரீஸுக்கு அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஏர்ல் 1942-இல் காப்புரிமை பெற்றார். இன்னைக்கு எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் "மல்டி பர்பஸ் க்ரீஸ்" கேட்டாலும் பெரும்பாலும் கையில் வருவது அந்த வம்சம்தான்.

டப்பாவில் என்எல்ஜிஐ என்று ஒரு எண் இருக்கும். 000-இல் தொடங்கி 6 வரை மொத்தம் 9 படிகள். கெட்டித்தன்மையின் அளவு அது. 2 என்றால், வரையறுத்த ஒரு கூம்பு 25 டிகிரியில் 5 நொடியில் 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்கும். கிட்டத்தட்ட வேர்க்கடலை வெண்ணெய் பதம். கீலுக்கு 2 போதும். வெள்ளை லித்தியம் என்பது அதே லித்தியம் க்ரீஸில் துத்தநாக ஆக்சைடு கலந்தது. ஸ்ப்ரேயாக வந்தால் மெல்லியதாக உள்ளே போய், கரைப்பான் பறந்ததும் கெட்டியாக உட்காரும். கீலின் இடுக்குக்கு இந்த ஸ்ப்ரேதான் வசதி, ஏன்னா கட்டி க்ரீஸை விரலால் எவ்வளவு அப்பினாலும் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் அது நுழையாது. வெளியே உட்கார்ந்து புழுதிதான் பிடிக்கும்.

கீலுக்குப் பக்கத்தில் கதவை "டக், டக்" என்று ரெண்டு மூணு இடத்தில் நிறுத்தும் ஒரு பட்டை இருக்கும், செக் ஸ்ட்ராப் என்பார்கள். கீல் கத்துது என்று நாம் நினைக்கும் பல தடவை கத்துவது இதுதான். அந்தப் பட்டையைத் துடைத்துவிட்டு ரெண்டு பக்கமும் மெல்லிய க்ரீஸ் பூசினால் வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

லாட்சை மட்டும் நிதானமாகப் பண்ணுங்க. பழைய அழுக்கைக் கரைப்பானால் இளக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் எடுங்க. சொட்டச் சொட்ட அடிக்க வேண்டாம். சென்ட்ரல் லாக்கின் மோட்டாரும் கதவு விளக்கின் சுவிட்சும் பெரும்பாலும் அதற்குள்ளேயேதான் இருக்கும். அப்புறம் நகத்தின் அச்சிலும் அது தடுப்புத் துண்டைச் சந்திக்கும் இடத்திலும் கொஞ்சமாக க்ரீஸ். பழைய க்ரீஸ் மேலேயே புதுசை அப்பாதீங்க: சோப்பு வகை வேறென்றால் ரெண்டும் சேர்ந்து இளகி ஓடிவிடலாம்.

இப்போ சோதனை. கதவு திறந்தே இருக்கட்டும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் நகத்தைத் தள்ளுங்க. க்ளிக், க்ளிக் என்று ரெண்டு தெளிவான சத்தம் கேட்கணும். கையை எடுத்தாலும் நகம் அசையக் கூடாது. பிறகு வெளிக் கைப்பிடியைத் தூக்கினால் சட்டென்று திறந்துகொள்ளணும். உள் கைப்பிடியாலும் தனியாக ஒரு தடவை பாருங்க. நகத்தைத் திறந்து விடாமல் கதவை மட்டும் சாத்திடாதீங்க, பூட்டின நகம் ஸ்ட்ரைக்கரில் மோதி வளையும். சுத்தம் பண்ணி க்ரீஸ் வைத்த பிறகும் ரெண்டாவது க்ளிக் வரலை என்றாலோ, பத்து தடவையில் ஒரு தடவை தவறுகிறது என்றாலோ, அது எண்ணெய்ப் பிரச்சினை இல்லை. ஸ்பிரிங் போயிருக்கும் அல்லது பல் தேய்ந்திருக்கும். லாட்சை மாற்றும் வரை அந்தப் பக்கம் யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.

கைப்பிடியும் ரப்பரும்

இப்போ வரும் கைப்பிடிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்றவை ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும்போது சில கரைப்பான்கள் பட்டால் மயிரிழை விரிசல் விடும். உடனே தெரியாது, மாசங்கள் கழித்து ஒரு நாள் கையோடு வரும். அதனால் கைப்பிடியின் அச்சுக்குச் சிலிக்கோன் ஸ்ப்ரே அல்லது உலர் டெஃப்லான் ஸ்ப்ரே, அதிலும் "பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பு" என்று எழுதியிருப்பது. ஒரு துணியை அடியில் பிடித்துக்கொண்டு குழாய் முனையால் அரை நொடி அடித்தால் போதும். கைப்பிடியைத் தூக்கி விட்டால் தானாகச் சட்டென்று கீழே போகணும். மெதுவாக இறங்கினால் அங்கேயும் கவனம் வேணும், ஏன்னா அது முழுசாகத் திரும்பலைன்னா உள்ளே லாட்சைப் பாதி திறந்த நிலையிலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை பெரும்பாலும் ஈபிடிஎம். வெயிலையும் ஓசோனையும் அருமையாகத் தாங்கும். பெட்ரோலிய எண்ணெயை மட்டும் தாங்காது, உறிஞ்சி உப்பும். 'ஒத்தது ஒத்ததில் கரையும்' கதைதான்: ரப்பரும் ஹைட்ரோகார்பன், எண்ணெயும் ஹைட்ரோகார்பன். க்ரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் பட்டை தொளதொளத்து, மழையில் தண்ணீர் உள்ளே வரும். இங்கே சிலிக்கோன் தவிர வேறு பேச்சே வேண்டாம். துணியில் அடித்து, துணியால் தடவுங்க. ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது மட்டும் கேட்கும் முனகல் ரப்பருடையதா என்று சந்தேகமா? பட்டையில் கொஞ்சம் முகப் பவுடர் தேய்த்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. சத்தம் நின்னுபோச்சுன்னா ஆள் அவர்தான்.

சிலிக்கோனுக்கும் எல்லை உண்டு. இரும்போடு இரும்பு சுமையோடு உரசும் கீலில் அது நிக்காது. பெயின்ட் அடிக்கப்போகும் காரின் பக்கத்தில் கொண்டே போகாதீங்க, அதன் படலம் இருந்தால் புதுப் பெயின்ட் பள்ளம் பள்ளமாக விலகும். டிங்கரிங் பட்டறையில் சிலிக்கோன் டப்பாவைக் கண்டாலே முறைப்பதற்குக் காரணம் அதுதான்.

சாவித் துவாரம்

கடைசியாக, எல்லாரும் முதலில் எண்ணெய் ஊற்றும் இடம். காரின் பூட்டு உருளைக்குள் வரிசையாகச் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் தலைமுடி மாதிரி ஒரு ஸ்பிரிங். சாவியின் வெட்டு சரியாக இருந்தால் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வந்து உருளை சுழலும். அங்கே ஈரமான எண்ணெய் போனால் சாவியோடு போகும் புழுதியெல்லாம் சேர்ந்து சேறாகும். சேற்றில் தகடு சிக்கினால் நாம் பலம் காட்டுவோம், சாவி உடையும். ஆக இங்கே உலர் மசகுதான்.

பழைய வழி கிராஃபைட். கார்பன் அடுக்குகள் சீட்டுக்கட்டு மாதிரி வழுக்கும் என்று படித்திருக்கிறோம். அது பாதிக் கதைதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் கார்பன் பிரஷ்கள் சில மணி நேரத்திலேயே பொடியாகத் தேய்ந்தன. காரணம், அந்த உயரத்தில் காற்றில் ஈரம் இல்லை. கிராஃபைட் நன்றாக வழுக்க நீராவி வேணும். சென்னையில் நீராவிக்கா பஞ்சம்! ஆனால் அதே ஈரம் இங்கே வேறொரு வேலையும் செய்யும். கிராஃபைட் மின்கடத்தி. பூட்டு உருளையின் உடல் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. நடுவில் உப்புக்காற்றின் ஈரம். முதலாம் ஆண்டு வேதியியலின் கால்வானிக் வரிசையை நினைச்சுப் பாருங்க, அரிக்கப்படுவது துத்தநாகம். பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ கடலோரமாக நிற்கும் காருக்கு நான் கிராஃபைட்டைச் சிபாரிசு பண்ண மாட்டேன். சேலம், கோவை பக்கம் என்றால் கொஞ்சமாகப் போடலாம்.

பென்சிலைச் சாவியில் தேய்ப்பது? அவசரத்துக்கு ஓகே. ஆனால் பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. கடினம் ஏற ஏறக் களிமண் அதிகம். ட்ராயிங் ஹாலுக்குக் கொண்டுபோகும் 2ஹெச் பென்சிலைத் தேய்த்தால் மண்ணைத்தான் அதிகம் உள்ளே அனுப்புவீங்க. 6பி இருந்தால் பாருங்க.

என் ஓட்டு உலர் டெஃப்லான் ஸ்ப்ரேக்கு. 1938-இல் டுபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் ஒரு வாயு சிலிண்டரைத் திறந்தார். வாயு வரவில்லை, எடை மட்டும் குறையவில்லை. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளைப் பொடி. வாயு தானாகவே பாலிமராகியிருந்தது. எதிலும் ஒட்டாத அந்தப் பொடிதான் டெஃப்லான். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் அதைத் தகடுகளுக்கு நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுப் பறந்துவிடும். மின்கடத்தாது, புழுதி பிடிக்காது. துவாரத்தின் வாயில் ஒரு சின்ன மூடி ஸ்பிரிங்கோடு இருக்கும். அதைக் குண்டூசியால் தள்ளிப் பிடித்து, மெல்லிய குழாயை நுழைத்து ஒரே ஒரு சின்ன அழுத்தம். சாவியைப் பத்துத் தடவை விட்டு எடுங்க, ஒவ்வொரு தடவையும் துணியில் துடைங்க. முதலில் கறுப்பாக வரும், அப்புறம் சுத்தமாக வரும். ஏற்கெனவே எண்ணெயோ கிராஃபைட்டோ போட்டிருந்தால் கரைப்பானால் கழுவி ஒரு நாள் காயவிட்டுத்தான் இதைப் போடணும். எண்ணெயும் பொடியும் கலந்தால் பசை.

ரிமோட் வைத்திருப்பவர்கள் கதவுச் சாவியை வருஷக்கணக்கில் தொடுவதே இல்லை. ரிமோட்டுக்குள் இருப்பது 3 வோல்ட் பட்டன் செல், அது ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குச் சாகும். அன்றைக்குத்தான் துருப்பிடித்த உருளைக்குச் சாவியோடு முதல் அறிமுகம் நடக்கும். மாசத்துக்கு ஒரு தடவை சாவியாலேயே பூட்டித் திறங்க. ஸ்ப்ரே டப்பாவை மட்டும் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீங்க. 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கும், உள்ளே இருக்கும் உந்துவாயு பெரும்பாலும் சமையல் கேஸின் சொந்தக்காரன். சித்திரை வெயிலில் மூடி நிறுத்தின கார் அந்த 50-ஐச் சுலபமாகத் தாண்டும்.